ஐந்தாவது ஐ.சி. எங்கே இருக்கிறது

கண்ணு,

நீ இன்னும் சென்னையில் அத்தை வீட்டில்தான் இருப்பாய். வெள்ளிக்கிழமைதானே விமானம். இன்று மத்தியானத்துக்குள் கொடுத்தால் நாளைக்கே உன் கையில் சேர்த்துவிடுவோம் என்று கொரியர் ஆபீஸில் சொன்னார்கள். நீ சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து, வேலையில் காலூன்றிய பிறகு எழுதலாமே என்று ஒரு மனது சொல்கிறது. அந்த மனதின் பேச்சைக் கேட்டுத்தான் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வந்துவிடும், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குத் தைரியம் சொல்ல வேண்டிய நேரத்தில் இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே. என்னிடம் இப்போது இருப்பது பயம் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்ப விருந்து வைத்தோமே, அன்றைக்குத்தான் இந்தப் பயம் முற்றியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் கரண்ட் போய்விட்டது. எல்லோரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். உன் வேலை என்னவென்று யாரோ கேட்க, நீ கையில் இருந்த அப்பளத்தை மூன்றாக உடைத்துக் காட்டினாய். "ஒரு செமிகண்டக்டர் சிப்பை ஒரு நாட்டுல டிசைன் பண்ணுவாங்க, இன்னொரு நாட்டுல செய்வாங்க, மூணாவது நாட்டுல கூடுக்குள்ள அடைச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. எங்கியாவது ஒரு எடத்துல நின்னுபோச்சுன்னா எங்க கம்பெனி செய்யற ஆஸ்பத்திரி மிஷின் எல்லாம் நின்னுபோயிரும். அப்பிடி நிக்காம, வேற வழி தயாரா வெக்கறதுதானுங்க என் வேலை." எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. இன்டர்வியூவில் உன்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னாய். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, ஊரில் யாருக்குமே கிடைக்காத ஒரு சிப்பை, ஐ.சி. என்போமே அதை, அம்மாவுக்காகச் சென்னையில் ஒரே நாளில் தேடிப் பிடித்ததையும், அதனால் ஒரு சாயப்பட்டறையின் மிஷின் மறுபடி ஓடி ஷிப்மெண்ட் போனதையும் அவர்களிடம் சொன்னாயாம். "சப்ளை செயின்னா என்னன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்னு சொன்னேன், சிரிச்சுட்டாங்க," என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். செல்லமுத்தண்ணனும் தட்டினார். இடது கை மடங்காதே அவருக்கு, வலது கையால் தொடையில் தட்டி, "கெட்டிக்காரனுங்க அம்மிணி உங்க பையன்," என்றார். பிறகு உன் பக்கம் திரும்பி, "கண்ணு, மணி என்னன்னு பாத்துச் சொல்லு," என்றார். ஜன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரம் அவருக்கு நேராகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. "மாமா, மொதல்ல கண்ணாடியை மாத்துங்க," என்று நீ கேலி செய்தாய். அவர் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. அவர் ஏன் மணி கேட்கிறார், பஸ் நம்பரைக்கூட ஏன் பக்கத்தில் நிற்பவரைப் படிக்கச் சொல்கிறார் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என் வெள்ளைத் துணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் படித்தது பத்தாவது. கல்யாணத்துக்கு முன் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சாயம் போட்ட துணி வந்ததும் வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு தேய்ப்போம். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தச் சாயம் நிற்காது என்று அர்த்தம், துணியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அந்தப் பழக்கம் கையைவிட்டுப் போகவே இல்லை. புதுச் சுவர், புது வாளி, உன் ஸ்கூல் யூனிபார்ம், எதைக் கண்டாலும் தேய்ப்பேன். உன் காலேஜ் நண்பன் போட்டு வந்த சிவப்புச் சட்டையை அவன் உட்கார்ந்திருக்கும்போதே தேய்த்துப் பார்த்தேன் என்று ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை. அவன் சட்டையில் சாயம் போனது, அது வேறு விஷயம்.

உன் அப்பாவுக்குச் சாய மிஷின் பேனல்களைப் பழுது பார்க்கும் வேலை. போர்டைக் கழற்றி வேலம்பாளையத்து வீட்டின் முன் அறையில் வைத்து, கெட்டுப்போன ஐ.சி.யை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார். கண்பார்வை மங்கியதும் சால்டரிங் அயர்னை என் கையில் கொடுத்தார். நீ பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவர் போய்விட்டார். பட்டறைக்காரர்கள் போர்டைக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. ஒரு பெண்ணின் கையில் கொடுக்கிறோமே என்று ஆரம்பத்தில் தயங்கியவர்கள்கூட, சொன்ன நேரத்துக்கு வேலை முடிகிறது என்று தெரிந்ததும் வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு முடிப்பவள் என்ற அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எல்லாக் கேடும் அதில்தான் ஆரம்பித்தது.

உள்ளே கொதிக்கும் சாயத்தின் சூட்டை எண்ணாக மாற்றிப் பேனலில் காட்டுவதற்கு அந்தப் போர்டில் ஒரு ஐ.சி. உண்டு. வெளிநாட்டுச் சரக்கு. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று உன் அப்பா மூன்று வாங்கி வைத்திருந்தார். நான் அவற்றை ஒரு தெர்மாகோல் துண்டில் அழகாகக் குத்தி, மேலே பாலிதீன் சுற்றி, பீரோவில் வைத்தேன். தெர்மாகோலிலும் பாலிதீனிலும் ஊறும் மின்சாரம் ஐ.சி.யைக் கொன்றுவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? செல்லமுத்தண்ணன் வேலை செய்த பட்டறையின் போர்டு வந்த அன்று எடுத்து மாட்டிப் பார்த்தால் மூன்றும் செத்திருந்தன. மூன்று இருக்கிறது, மூன்று இருக்கிறது என்று இரண்டு வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறேன். நீ அங்கே கிடங்கில் இருப்பு இருக்கிறதென்று யாராவது எழுதிக் காட்டினால், போய் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார். எழுதியிருப்பதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதே.

டீலருக்குப் போன் போட்டேன். அந்த நாட்டில் அதைச் செய்யும் இடத்தில் ஏதோ தடங்கலாம், இரண்டு மாதம் ஆகும் என்றார். அதனால் என்ன, நமக்குச் சென்னையில் மூன்று கடை தெரியுமே என்று அந்த மூன்றுக்கும் போன் போட்டேன். மூன்று பேரும் இல்லை என்றார்கள். மூன்று பேருக்கும் சரக்குக் கொடுப்பது அதே டீலர்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு மூன்று வழி இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருந்தேன், இருந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நீ வேற வழி தயாராக வைப்பதைப் பற்றிப் பேசியபோது எனக்கு அந்த மூன்று போன்கள்தான் நினைவுக்கு வந்தன. அந்த வேற வழி எங்கேயிருந்து வருகிறது என்று கடைசி வரை போய்ப் பார்க்கிறாயா, கண்ணு? பாதி வழியில் திரும்பிவிடாதே.

அப்போதுதான் நீ போன் செய்தாய். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு நம்பரை எழுதிக்கொண்டு தெருத் தெருவாகக் கடை ஏறி இறங்கினாய். சாயங்காலம், "கெடச்சிருச்சும்மா! அஞ்சே அஞ்சுதான் இருந்துச்சு, அஞ்சையும் வாங்கிட்டேன்," என்றாய். சனிக்கிழமை காலையில் ரயிலில் வந்து இறங்கி, சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாய். உன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அப்பா போன பிறகு உன்னை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். நீ சமையலறையில் தோசைக்கு உட்கார்ந்தாய். நான் ஒரு ஐ.சி.யை எடுத்தேன். மேலே கொஞ்சம் பிசுக்கு இருந்தது. பனியன் வேஸ்ட்டில் ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து, தின்னரில் நனைத்து, விரலில் சுற்றித் துடைத்தேன். துணி கருப்பானது. ஐ.சி.யின் மேலிருந்த நம்பர் அழிந்து, அடியில் தேய்த்து எடுத்த வேறொரு நம்பரின் தடம் தெரிந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணு. தெரியவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அந்த நிமிடமே தெரிந்தது. இருபது வயதிலிருந்து சாயம் போகிறதா என்று தேய்த்துப் பார்ப்பவள் நான். துணியாக இருந்திருந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்பியிருப்பேன். வேறு ஏதோ ஒரு மட்டமான ஐ.சி.யின் மேல் புது நம்பர் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பட்டறை முதலாளியின் போன். "ஏனுங்கம்மிணி, ஷிப்மெண்ட் நிக்குதுங்க. துணி ஈரத்தோட கெடக்குது. இன்னைக்கு ஆயிருமுங்களா?" உள்ளே நீ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தோசை தின்றுகொண்டிருந்தாய். "ஆச்சுங்க, சாயங்காலம் ஆளை அனுப்புங்க," என்றேன். நம்ம ஊரில் எல்லோரும் வாய் திறந்தால் சொல்லும் வார்த்தைதானே அது. ஆகவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. முதலாளியிடம் சொல்வதைவிட, சமையலறைக்கு வந்து உன்னிடம் சொல்வதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

சோதித்துப் பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. சூட்டை உணரும் கம்பியை டம்ளர் வெந்நீரில் போட்டேன். பேனலில் சரியான எண் வந்தது. ஆனால் கம்பியைத்தான் வெந்நீரில் போட்டேன், போர்டு மேஜைமேல் மின்விசிறிக் காற்றில் குளுகுளுவென்று இருந்தது. பட்டறையில் அந்தப் போர்டு நிற்கப் போவது நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில். அது எனக்குத் தெரியாதா? நூறு தடவை அங்கே போய் வேர்த்து விறுவிறுத்து நின்றிருக்கிறேன். சரி என்று காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், சரி என்று காட்டும் விதத்தில் சோதித்தேன்.

மூன்றாவது வாரம் மத்தியான ஷிப்டில் செல்லமுத்தண்ணன் அந்த மிஷினில் நின்றார். தாராபுரம் பக்கத்து ஆள், நிதானமானவர், இருபது வருடம் சாய வேலை செய்தவர். நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, கதவைத் திறந்து ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுப்பார்கள். எண்பது டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கதவின் பூட்டு விடும். பேனலில் எழுபத்திரண்டு என்று இருந்தது, பூட்டும் விட்டது, திறந்தார். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. சாயத்தண்ணீர் கழுத்திலிருந்து விரல் நுனி வரை இடது பக்கம் முழுக்கக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் அவருக்கு நினைவில்லை. கையில் தோல் வெந்திருந்த இடத்தில் நீலச் சாயம் போகவே இல்லை என்று அவர் வீட்டம்மா என்னிடம் சொல்லி அழுதார்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு போர்டைப் பார்க்கச் சொன்னார். மிஷின் ஆறிப்போயிருந்தது. பேனல் சரியாகக் காட்டியது. சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். "போர்டு நல்லா இருக்குங்க," என்றேன். அந்த மூன்று வார்த்தையோடு முடிந்தது. செல்லமுத்து அவசரப்பட்டுவிட்டான், எண்ணைச் சரியாகப் பார்க்காமல் கதவை நெம்பிவிட்டான் என்று பேச்சாகி, அதுவே நிலைத்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து, மேஜைமேல் ஐ.சி. மாற்றி வைத்திருந்த இன்னொரு போர்டுக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்தேன். கம்பி கொதிக்கும் தண்ணீரில் இருந்தது. போர்டு சூடாகச் சூடாக எண் இறங்கியது. தொண்ணூற்றைந்து, தொண்ணூறு, எண்பத்தொன்று, எழுபத்திரண்டு. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன் பெயரும் வரும், நீ படிப்பை விட்டுவிடுவாய், என் வேலையும் போய்விடும் என்று பயந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்த அவரே என்னிடம், "நாந்தானுங்க அம்மிணி நம்பரைச் சரியாப் பாக்காம உட்டுட்டேனாட்ட இருக்குது," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

ஐந்து ஐ.சி.யில் ஒன்று அந்த மிஷினில் இருந்தது, ஒன்று என் மேஜைமேல். இன்னும் இரண்டு போன இடம் எனக்கு நினைவிருந்தது. ஒரு பாகம் கருகிவிட்டது என்று பொய் சொல்லி, அந்த மிஷினுடையதோடு சேர்த்து மூன்று போர்டையும் கழற்றி வந்துவிட்டேன். டீலரிடமிருந்து நல்ல சரக்கு வரும்வரை அந்த மிஷின்கள் நின்றன. ஷிப்மெண்ட் தள்ளிப்போனது. வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பிறகு சரக்கு வந்தது, மாட்டினேன், மறுபடி என்னிடமே வேலை கொடுத்தார்கள். எதற்குப் பயந்து ஒரு மனிதரின் கையைக் கெடுத்தேனோ, அது நடந்தேவிட்டது, நடந்தும் ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் ஆத்திரம் பொங்குகிறது. உன்னையும் ஒருநாள் போனில் ஒருவர் நெருக்குவார். இல்லை, இன்னும் ஆகவில்லை என்று சொல்லிவிடு. ஏசட்டும்.

ஐந்தாவது எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. எந்த ஐ.சி. எந்தப் போர்டில், எந்தப் போர்டு எந்தப் பட்டறைக்கு என்று நான் எழுதி வைக்கவில்லை, எல்லாம் மண்டையில் இருக்கிறது என்ற திமிர். ஒரு வருடம் கழித்து ஒருநாள் காய் நறுக்கும்போது ஞாபகம் வந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு பட்டறைக்கு ஸ்பேர் போர்டு ஒன்று செய்து கொடுத்திருந்தேன். பதறி ஓடினால் கேட்டில் பூட்டு. பட்டறையை மூடி மிஷினை விற்றுவிட்டார்களாம். ஸ்பேர்தானே, யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள், குப்பைக்குப் போயிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

போன மாதம் செல்லமுத்தண்ணன் வந்திருந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கை போன பிறகு அவர் வாட்ச்மேன் வேலை பார்த்தது அந்த அவிநாசி ரோட்டுப் பட்டறையில்தானாம். எந்தப் பட்டறை என்று நான் கேட்டதே இல்லை. அவரிடம் எதையும் கேட்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. "விக்கறதுக்கு முந்தி பேனல் மக்கர் பண்ணுச்சுங்க. ஸ்பேர் போர்டை மாட்டித்தான் ஓட்டிக் காட்டுனாங்க. லாரியில ஏத்துனப்ப கேட்டைத் தொறந்து உட்டது நாந்தானுங்க. அந்த டிரைவர் நம்பரு இன்னும் ஏங்கிட்டக் கெடக்குது," என்றார். "அந்த நம்பர் வேணுமுங்களே," என்றேன். "எதுக்குங்க அம்மிணி?" என்றார். சும்மாதான் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். நம்பரை வாங்கி, மிஷினை எங்கே இறக்கினாய் என்று டிரைவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மட்டும் என்ன செய்வது என்றும் யோசித்தேன். எங்கோ தூரத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்து ஓடுகிற மிஷினை நிறுத்து என்றால் எந்த முதலாளி நிறுத்துவான்? செல்லமுத்தண்ணன் நேரில் வந்து சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினால்தான் நிறுத்துவான். அதற்கு முதலில் அவரிடம் நான் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கோ ஒரு பட்டறையில், பெயர் தெரியாத ஒருவர், கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பேனலைப் பார்க்கிறார். இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவேளை அங்கே பேனலைத் தள்ளி வைத்திருக்கலாம், ஒருவேளை போர்டையே மாற்றியிருக்கலாம். இந்த ஒருவேளைகளைப் பிடித்துக்கொண்டுதான் போன வாரம்வரை இருந்தேன். நீ விருந்தில் அந்தக் கதையைச் சொல்லி, அதற்கு அவரே கைதட்டியதைப் பார்த்த பிறகு முடியவில்லை. நேற்று அவருக்குப் போன் போட்டு, இன்றைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். அவர் வந்து போன பிறகு எழுதினால் எனக்குச் சாதகமாக எதையாவது மாற்றிவிடுவேனோ என்று பயம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாங்கி வந்தது நீ, தெரிந்தும் மாட்டியது நான். அந்தக் கையின் பழி என்னுடையது, அதில் பாதியைத் தா என்று வந்து நிற்காதே. ஆனாலும் உனக்கு வலிக்கும்படி ஒன்றைச் சொல்கிறேன். ஊரில் யாரிடமும் இல்லாத பொருள் ஒரு கடையில் மட்டும் ஐந்து இருந்தபோது, நீ கேட்ட கேள்வி "எத்தனை இருக்கு" என்பது மட்டும்தான். அது அந்தக் கடைக்காரனிடம் எப்படி வந்தது, யார் செய்தது, எந்தப் பெட்டியில் வந்தது என்று நீ கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் கேட்கத் தெரியாது. இப்போது நீ வாங்கப் போவது ஆஸ்பத்திரிக் கருவிக்கு. அந்தக் கருவி காட்டும் எண்ணை நம்பி ஒரு நர்ஸ் ஊசி மருந்தைக் கூட்டுவாள், குறைப்பாள். அவளுக்கு உன்னையும் தெரியாது, கடைக்காரனையும் தெரியாது, எண்ணை மட்டும்தான் தெரியும். அதனால்தான் நீ விமானம் ஏறுவதற்கு முன்பே இது உன் கைக்கு வர வேண்டும் என்று அவசரப்படுகிறேன். இதைப் படித்துவிட்டு வேலை வேண்டாம் என்று திரும்பி வந்துவிடாதே. போ. அந்தக் கதையை இனி யாரிடமாவது சொன்னால், பாதியில் நிறுத்தாமல் முழுதாகச் சொல்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பழைய வெள்ளைத் துணி இருக்கும். கருப்புத் தீற்றல் இருக்கிறதே, அதுதான். ஆறு வருடமாக உன் அப்பாவின் டூல் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தேன். துவைக்காதே.

வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கிறது. இங்கே நிறுத்துகிறேன்.

சொல்லிவிட்டேன், கண்ணு. நடந்ததையும் எழுதிவிடுகிறேன். "பையன் போன் பண்ணுனானுங்களா? சளி எப்படி இருக்குதாம்?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். நான் அந்தத் துணியை மேஜைமேல் விரித்து வைத்து, இஸ்திரிப் பெட்டி வரைக்கும், ஆரஞ்சு உரித்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறிப்போனது. அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்.

"அப்ப, அன்னைக்குப் பேனல்ல எழுவத்திரெண்டுதானுங்க இருந்துச்சு?"

"ஆமாங்ணா."

"நான் பாத்தது சரிதானுங்க?"

"சரிதாங்ணா. நீங்க பாத்தது சரி."

எழுந்து வெளியே போனார். குழாயடியில் வெகு நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். முகம் நனைந்தபடி திரும்பி வந்து நின்றார். "ஆறு வருசமுங்க, அம்மிணி. எங்க ஊட்லயே எனக்கு, நம்பர் பாக்கத் தெரியாம கைய வேக வெச்சுக்கிட்டவன்னு பேருங்க. என் கண்ணையே நான் நம்பறதில்லீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்கல்ல?" அந்தக் கோபத்திலும் அவருக்கு மரியாதை விட்டுப் போகவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். ஐந்தாவது ஐ.சி.யைப் பற்றிச் சொன்னேன். அந்த மிஷின் முன்னால் இப்போது யாரோ ஒருவர் நிற்கிறார் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். "மணி பதினொண்ணே காலுங்க," என்றார். "டிரைவரு இந்நேரம் லோடு எறக்கிட்டுச் சும்மாத்தான் இருப்பான்." என்னைக் கேட்கவில்லை, கண்ணு. அவரே பார்த்து அவரே சொன்னார். நானும் திரும்பிப் பார்த்தேன், பதினொன்றே கால்தான்.

இப்போது எனக்கு எதிரே போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரிங் போவது இங்கே வரை கேட்கிறது. எடுத்தால், எந்த ஊராக இருந்தாலும் நாளைக்குக் காலையில் இரண்டு பேரும் கிளம்புகிறோம். இன்னும் யாரும் எடுக்கவில்லை.

அம்மா